நசீமா மேடம் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு

செய்தி வந்தபோது மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். "நம்ம நசீமா மேடம் காலையில தவறிட்டாங்க சார்" என்றார் துறை உதவியாளர். மாரடைப்பு. காக்க வைப்பதையே ஆராய்ச்சியாகச் செய்தவர், யாரையும் காக்க வைக்காமல் போய்விட்டார்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் அவர் டிசைன் பாடம் நடத்தினார். வகுப்புக்கு வெளியே மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பது அவர் ஆய்வு. உங்களில் பலருக்கு ஆய்வு தெரியாது; அவர் அறை வாசலில் கிடக்கும் அந்தப் பெஞ்சு தெரியும். சந்தேகம் கேட்க வருபவர்களை அதில் உட்கார வைத்துவிட்டு, அதே துறையில் பாடம் நடத்தும் என்னை உள்ளே கூப்பிடுவார். வறுத்த கடலையை நடுவில் வைத்து, "சொல்லுங்க சார், ஊர்ல என்ன விசேஷம்?" என்பார். எந்தத் துறையில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை அவிழ்த்துவிடுவேன். என் பேச்சுக்கு அவ்வளவு மவுசு என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் கதை சூடு பிடித்த நேரத்தில் கையமர்த்தினார். வெளியே, கடலை உரிக்கும் கருவியின் மாதிரியை மடியில் வைத்து ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ அமுக்கினாலும் நவுர மாட்டேங்குதுடி."

"கைப்பிடி இத்துனூண்டு இருந்தா எப்படி நவுரும்? எங்க வூட்டு அடிபம்ப வந்து பாரு, எவ்ளோ நீட்டு!"

கொஞ்ச நேரத்தில் முதலாமவள் தலையை மட்டும் நீட்டி, "டவுட் கிளியர் ஆயிடுச்சுங்க மேடம், வரேங்க" என்று போயே போய்விட்டாள்.

"நான் உடனே கூப்பிட்டிருந்தா இது நடந்திருக்குமா?" என்றார் மேடம்.

"அப்ப நான் எதுக்குங்க?"

"நான் சும்மா உக்காந்திருந்தா உள்ள வந்துடுவாங்க. நீங்க பேசிட்டிருந்தா வர மாட்டாங்க. நீங்க என் ஆராய்ச்சிக் கருவி சார்."

டாக்டர் பட்டம் வாங்கிய என்னைக் கதவுத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்தியிருக்கிறார்! மறுநாளும் போனேன். கடலைக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

அவர் போனபின், வராந்தாவுக்கு இடைஞ்சல் என்று பெஞ்சை எடுக்க ஆட்கள் வந்தார்கள். நான் அதில் உட்கார்ந்துகொண்டேன். என்னோடு சேர்த்துத் தூக்க யாருக்கும் தெம்பில்லை.

"என்ன சார் இது?" என்றார் முதல்வர்.

"ஆராய்ச்சி நடக்குதுங்க."

அவர் தலையிலடித்துக்கொண்டு, அறையையும் சேர்த்து என்னிடமே விட்டுவிட்டார்.

பெஞ்சு அங்கேயே இருக்கிறது. நானும் வருபவர்களைக் காக்க வைக்கிறேன். வெளியே ஒரே பேச்சு. ஆனால் உள்ளே நான் தனியாக இருப்பது தெரிந்தால் வந்துவிடுவார்களே! அதனால் கடலையை நடுவில் வைத்து, அணைத்த போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன்.

"மேடம், ஊர்ல ஒரு விசேஷம்" என்று ஆரம்பிக்கிறேன்.