உப்பில்லாத சோறும் மாலை நேரத்துப் பன்னும்

காலையில் மகளின் முகம் ஊதித் தெரிந்தால் அது மருந்தால் சதை வைத்த கன்னமா, உடம்பில் தேங்கிய நீரா? மாதக்கணக்கில் பார்த்தும் எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்கு ஏழு வயது. சிறுநீரில் புரதம் ஒழுகிப்போகும் நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை சிறுநீரகத்தை உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் செய்யும், உப்பு நிற்கும் இடத்தில் தண்ணீரும் நின்றுவிடும் என்று டாக்டர் முதல் நாளே விளக்கினார். உப்பைக் குறையுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம்கூட உப்பில்லாமல்தான். பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவரும், யாரும் சொல்லாமலே, அவளோடு அதையே சாப்பிடத் தொடங்கினார்.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் உப்புப் போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாம். அப்புறம் அம்மணி என் தட்டையே பாத்துட்டு இருப்பா."

"நான் ஒண்ணும் பாக்க மாட்டேன்," என்றாள் மகள். "அப்பாதான் ஊறுகாய் பாட்டிலப் பாத்துட்டே சாப்படறாரு."

அவர் எழுந்து பாட்டிலை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மகள் ஒருநாளும் உப்புக் கேட்டு அடம்பிடித்ததில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் பேக்கரியில் அவளுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பேன். இனிப்புதானே என்று நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸின் விளிம்பு அவள் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன். விழுந்த குழி மெதுவாகத்தான் நிரம்பியது. நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு செய்தேன். சிறுநீரில் புரதம் போனால் நிறம் மாறிக் காட்டும் பட்டை ஒன்று வீட்டில் உண்டு; மறுநாள் காலை நனைத்துப் பார்த்தபோது அதில் நிறம் மாறவில்லை. பட்டையை நம்பாமல் இன்னொன்றை எடுத்து நனைத்தேன். அதுவும் மாறவில்லை.

அந்த நேரம் பார்த்து என் பெரியம்மா போன் செய்தார். கால் வீங்கியிருப்பதைச் சொன்னேன்.

"அந்த மாத்திரைதான் புள்ளைய ஊத வெக்குது கண்ணு. பேசாம நிறுத்திப்போடு."

போனை வைத்தபின் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? மகள் தானே டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாராம்மா?"

"இல்ல சாமி."

"அப்பக் குடு."

கசப்பான மாத்திரை அது. முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

அன்றே டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். உப்பில்லாத சமையல் எல்லாவற்றையும் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"அப்புறம் பன்னுங்க," என்றாள் மகள். "தினமும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நோய் திரும்பலைங்க. பன்னுக்கு மாவு பிசையறப்பவே உப்புப் போடுவாங்க. சர்க்கரை போட்டா நாக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். மாத்திரை அதையும் புடிச்சு வெச்சுக்கும்."

திரும்பி வரும்போது பேக்கரி வாசலில் என் நடை தளர்ந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பன்னு நல்லாத்தாம்மா இருந்துச்சு. நட, போலாம்."

சில நாட்களில் கால் வீக்கம் வடிந்தது. அந்த வயதில் எனக்கு இந்தப் பக்குவம் இருந்திருக்காது.

அடுத்த மாதம் காங்கேயத்தில் கொழுந்தனாருக்குக் கல்யாணம். தன் வயதுப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. மாத்திரை அளவு குறைந்திருக்கிறதே தவிர, இன்னும் நிற்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோய் அவள் இலையில் மட்டும் பரிமாறினால் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு வேளைச் சாப்பாடுதானே என்று விட்டால் மறுபடி கால் வீங்குமோ என்று பயமாக இருக்கிறது. டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். ஆனாலும், இப்படி ஒரு பிள்ளையைப் பந்திக்குக் கூட்டிப்போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.