பச்சைச் சட்டைக்காரர்கள் வந்த ஞாயிறு

யாங்கூனில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர்கள் ஒரு பந்தாட்டக் கழகம் வைத்திருந்தார்கள். காலாலும் கையாலும் ஆடும் அவர்கள் ஊர் ஆட்டம் அது. அதற்குக் கோல் கம்பங்கள் உயரமாக நீண்டிருக்க வேண்டும். ஞாயிறு காலைகளில் பள்ளி மைதானத்துக் கம்பங்களின் மேல் மூங்கில் கட்டி உயர்த்துவது மைதானக் காவலரான அப்பாவின் வேலை. ஆட்டக்காரர்களின் சட்டைகளில் எண் தைப்பது அப்பாவின் தங்கையான அத்தையின் வேலை; அவள் பபேடான் பேட்டையில் ஒரு தையல் கடையில் இருந்தாள். பத்து வயதான எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கழகச் செயலாளர் ஒரு பக்கச் செய்தித்தாளை வாசித்துவிட்டுப் பலகையில் ஒட்டுவார். அவர் ஆசிரியை, பர்மிய வழக்கப்படி எங்களுக்குச் சயாமா. யார் கோல் போட்டார் என்பதற்கு அதில் இரண்டு வரி இருக்கும். மீதியெல்லாம் யாருக்கு டெங்கு, யாருக்குக் குழந்தை, யார் ஊர் திரும்புகிறார் என்பதுதான். எங்கள் வீட்டுச் செய்தியை இங்கிலீஷில் எழுதிப் பலகைக்குக் கீழே இருந்த பெட்டியில் போடுவது நான். தாளில் நல்ல செய்தி வந்துவிட்டால் கழகமே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, கேக்கோடு அந்த வீட்டுக்குப் போகும். தம்பி பிறந்தபோது பசுந்தாங் பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடிக்குப் பதினான்கு பேர் ஏறி வந்தார்கள். கட்டிலின் ஒரு கால் அன்றுதான் போயிற்று.

இன்சீனிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடானது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அவருடைய தாயார் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: கல்யாணத்துக்குப் பிறகு பெண் கடைக்குப் போகக் கூடாது, தையல் மிஷினும் கூட வரக் கூடாது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு காலை நான் மைதானத்துக்குக் கிளம்பும்போது அத்தையே காகிதம் எடுத்துக் கொடுத்தாள். பெண் பார்ப்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று தெரியாமல் பென்சிலைக் கடித்தேன்.

"அதெல்லாம் வேணாம். வீட்டுல நல்ல செய்தி, சாயங்காலம் நாலு மணின்னு போடு, போதும்."

நாலு என்பதை எண்ணிலும் எழுத்திலும் போடச் சொன்னாள், போட்டேன். சயாமா அதை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா அந்நேரம் தூரத்துக் கம்பத்தின் மேல் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சொன்ன நேரத்துக்கு இன்சீன்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அத்தை தேநீரோடு வந்து நின்றாள். அப்போது பால்கனி மணி அடித்தது. எங்கள் தெருவில் மாடிக்கு ஒரு கயிறு கீழே தொங்கும். வருகிறவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். எட்டிப் பார்த்தேன். தெரு பச்சையாக இருந்தது.

பன்னிரண்டு பேர் ஏறி வந்தார்கள். எல்லோர் முதுகிலும் அத்தை தைத்த எண். கோல் காப்பவர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, மாப்பிள்ளையின் தாயார் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். மற்றவர்கள் அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் உற்சாகமாகக் கேக் வெட்ட உதவினார். அவருடைய தாயார் தேநீரைத் தொடவில்லை.

"பொண்ணு கடைக்கு மட்டுந்தான் போகுதுன்னு சொன்னீங்க," என்றார் அப்பாவிடம். "இங்க ஒரு ஊரே கூட வருதே."

அதோடு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை கையில் கேக் துண்டோடு பின்னால் இறங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு அப்பா என்னைத் தேடினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

"எல்லாம் இவ எழுதுன வேல. இனிமே பென்சிலத் தொடு, பாத்துக்கிறேன்."

அத்தை குனிந்த தலை நிமிராமல் மிஞ்சிய கேக்கைத் தட்டில் அடுக்கினாள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அந்த வாரம் முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு பச்சைச் சட்டையை மாட்டிவிட்டாள். என் அளவுக்கே தைத்தது. முதுகில் பெரிதாக நாலு. அந்த எண் ஏற்கெனவே ஒருத்தருக்கு இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டும். உனக்கும் அதுதான்."

திட்ட வேண்டியவள் சட்டை ஏன் தைத்துத் தந்தாள், எத்தனையோ எண்கள் இருக்க நாலை ஏன் எடுத்தாள் என்பதெல்லாம் அப்போது எனக்கு விளங்கவில்லை. சட்டைக் கை மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது; மடித்து விட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன்.