எறும்பு ஏறிய மட்டைக்கல்

1. ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலையில் கல்லை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே இறங்கியது. நல்ல சிமெண்டுக் கல்லில் மூன்றாம் நாளே நகம் பதியக்கூடாது. அடுத்தது, அதற்கடுத்தது என்று இருபது கற்களைப் பார்த்தேன். இருபதும் ஈரப் பிண்ணாக்குப் போல இருந்தன.

தங்காக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பால் ஸ்டோரில் நான் பரிசோதனை உதவியாளர். ரப்பர்ப் பாலின் கெட்டியை அளப்பதும் அதில் ஊற்றும் திராவகத்தைச் சரிபார்ப்பதும் என் வேலை. கல் வார்ப்பது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. தோட்டத்தின் தென்னைப் பகுதியில் உரித்த தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது. அதில் மழைநீர் தேங்கிக் கொசு வளர்ந்தது. இன்னொரு பக்கம் ஆயாக் கொட்டகையின் அத்தாப்பு ஓலைச் சுவர் சரிந்துகொண்டிருந்தது. தாய்மார் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. முந்தைய மழைக்காலத்தில் ஆயா முனியம்மா எல்லாத் தூளிகளையும் நனையாத ஒரே மூலைக்கு இழுத்துக் கட்டியிருந்தார்.

மட்டையை நறுக்கிச் சேர்த்தால் பாதி சிமெண்டில் சுவர் எழுப்பலாம் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னேன். ஆறு மூட்டை சிமெண்டு கொடுத்தார். கருப்பையா மேஸ்திரி தொண்ணூறு கல் வார்த்தார்.

துரை கைத்தடியால் ஒரு கல்லைக் குத்தினார். அது உதிர்ந்தது. அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"மிஸ்ஸி, இது கல்லா, புட்டா?"

கைத்தடியில் ஒட்டியதைத் தட்டிவிட்டார்.

"மழைக்கு அஞ்சு வாரம் இருக்கு. ஸ்டோர்ல நாலு மூட்டை இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி நாலும் ஸ்டோர் தரைக்குப் போவும்."

2. பட்டியல்

மேஸ்திரிக்கு முன்பே நான் பால் ஸ்டோரில் சிறு மாதிரிக் கல் ஒன்று வார்த்திருந்தேன். அது மூன்றாம் நாளே இறுகிவிட்டது. ஆகவே, அதற்கும் களத்தில் வார்த்த கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினேன்.

சிமெண்டு: ஒரே சரக்கு.
மணல்: ஒரே ஓடை.
மட்டை: அதன் சாயம் சிமெண்டை இறுக விடாது. ஆனால் இரண்டுக்கும் போட்ட மட்டையை மூன்று நாள் ஊறவைத்து, பழுப்பு போகும்வரை தண்ணீர் மாற்றி, சுண்ணாம்பு நீரில் போட்டு எடுத்தோம்.
தண்ணீர்: எனக்குக் கிணறு. களத்தில் பீப்பாய்.

இதை எழுதும்போதுதான் எறும்புகளைக் கவனித்தேன். மணற்குவியலைச் சுற்றிக்கொண்டு போய், நேராகக் கல் அடுக்கில் ஏறின.

"எறும்புக்குப் புடிச்சிருக்கு மிஸ், தொரெக்குத்தான் புடிக்கல" என்றார் முனியம்மா, இடுப்பில் ஒரு பிள்ளையோடு.

எறும்புச் சாரையின் மறுமுனை பீப்பாயில் இருந்தது. விளிம்பில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது.

"மேஸ்திரி, தண்ணியில என்ன போட்டீங்க?"

"போட வேண்டியதத்தான் போட்டேன். எங்க ஊருல கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிதான் ஊத்துவோம். இங்க கடுக்காய்க்கு எங்க போறது? இங்கத்து வெல்லம், குலா மலாக்கா மட்டும் வாங்கியாந்தேன். நம்ம புள்ளைங்க இருக்கப்போற எடமாச்சே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சோத்துக்கு உப்புப் போட்டேன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்களா தாயி?"

அவர் செட்டிநாட்டில் பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசியவர். சுண்ணாம்புக் காரைக்கு வெல்லம் பலம். சிமெண்டுக்கு அதுவே விஷம். இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"எங்கப்பா பூசின செவுத்துல மூஞ்சி பாத்துத் தல சீவலாம், தெரியுமா?"

"சரி. நீங்களே கலக்குங்க, நீங்களே பாருங்க" என்றேன்.

இரண்டு சிரட்டை எடுத்தோம். ஒன்றில் சிமெண்டும் வெறும் தண்ணீரும். மற்றதில் சிமெண்டும் குலா மலாக்கா கரைத்த தண்ணீரும். மூன்றாம் நாள் அவரே விரலால் அழுத்தினார். முதல் சிரட்டை அசையவில்லை. இரண்டாவதில் விரல் புதைந்தது. வேட்டி முனையில் விரலை நெடுநேரம் துடைத்தார்.

"அப்ப தொண்ணூறையும் கெடுத்தது நான்தான்."

நான் என் செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தேன். போட வேண்டியவை எட்டு வரிகள். போடக்கூடாதது ஒன்றுகூட இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒரே ஒரு முறை, நின்றபடி வாசித்துக் காட்டியிருந்தேன். அவர் எப்படிக் கட்டுவார் என்று கேட்கவே இல்லை.

3. நாலு மூட்டை

வெள்ளிக்கிழமை துரையிடம் சொன்னேன். "தண்ணியில சர்க்கரை சேந்துடுச்சு சார். சேர்க்கக்கூடாதுன்னு என் தாள்ல எழுதல."

"யார் சேத்தது?"

நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் வந்தார். "நான்தாங்க தொரெ. கேக்காம போட்டுட்டேன்."

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு மூட்டை. அதுக்கு மேல ஒரு கரண்டி கிடையாது."

இந்த முறை மட்டைக்கான சுண்ணாம்பை மேஸ்திரியே நீர் ஊற்றித் தாளித்தார். நான் கரைத்ததில் கட்டிகள் நின்றன. அவர் துணியில் வடித்தது பால் போல இருந்தது. மூன்றாம் நாள் கல்லில் என் நகம்தான் உடைந்தது.

நாலு மூட்டை நான்கு சுவருக்குப் போதவில்லை. மழை அடிக்கும் இரண்டு பக்கம் மட்டும் கல். மற்ற இரண்டும் இன்னும் அத்தாப்புதான். மழை வந்த முதல் வாரம் போய்ப் பார்த்தேன். தூளிகள் அதனதன் இடத்தில் தொங்கின.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செய்முறை எழுதுமுன், அதைச் செய்யப்போகிறவர் தன் பழக்கத்தில் என்னென்ன சேர்ப்பார் என்று கேளுங்கள். அவர் நல்லெண்ணத்தில் சேர்ப்பதுதான் உங்கள் தாளில் இருக்காது.

என் தாளில் ஒன்பதாம் வரி சேர்த்தேன்: சர்க்கரை, வெல்லம் கூடாது. மேஸ்திரி அதை எட்டிப் பார்த்தார். "நீ எழுதிட்ட. நான் எதப் பாத்து வேல செய்யுறது?" என்று கரித்துண்டை எடுத்து, பீப்பாயின் மேல் பெரிய எறும்பு ஒன்று வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கால்களை எண்ணினேன். எட்டு இருந்தன. திருத்தவில்லை.