கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்த முதலாளி

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் முதலாளித்துவம் இங்கிலாந்தில் பிறந்தது என்று போட்டிருந்தது. நீராவி எந்திரம், நூற்பாலை, புகைக்கூண்டு. அடுத்த பக்கத்தில் அதற்கு மாற்றாக மனிதர்கள் யோசித்தவை: பொதுவுடைமை, கூட்டுறவு. பரீட்சையில் நான் அதை இங்கேயும் இதை அங்கேயும் மாற்றி எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி போட்டார். பின்னாளில் வாழ்க்கையிலும் அதே தப்பைச் செய்வேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

எங்கள் பக்கத்துக்கு முதலாளித்துவம் வேனில் வந்தது. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும் ஷூ கம்பெனி வேன். ஆம்பூரைச் சுற்றி எந்த ஊரில் நின்றாலும் அந்த ஹாரன் கேட்கும். பதினாறு வருடம் அதில் ஏறி இறங்கினேன். கட்டிங் பிரிவில் வேலை. தோலை விரித்து, தழும்பு விழுந்த இடத்தை ஒதுக்கி, ஷூவின் மேல்பகுதிக்குத் துண்டு வெட்டுவது. ஒரு திங்கட்கிழமை ஹாரன் கேட்கவில்லை. எங்கள் யூனிட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஏழரை மணிவரை தெருமுனையில் நின்றேன். வேன் பஞ்சராகியிருக்கும் என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னதும் நான்தான்.

வேலை போனவர்களில் ஏழு பேர் சேர்ந்து ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தோம். யோசனை, சங்கத்தில் இருந்த ஒருவருடையது. அவருக்கு எல்லாரும் தோழர்தான். ஷெட்டுக்குள் நுழைந்த எருமையைக்கூட, "தோழர், கொஞ்சம் வெளிய போங்க" என்றுதான் விரட்டினார். பி.எஃப். பணத்தைப் போட்டுப் பழைய மிஷின்கள் வாங்கினோம். ஏழு பேருக்கும் ஒரே பங்கு, ஒரே சம்பளம். முதலாளி என்று யாரும் கிடையாது.

அதற்குப் பதில் ஒரு கரும்பலகை இருந்தது. இன்று டீ வாங்குவது யார், ஷெட்டைப் பெருக்குவது யார், இந்த வாரம் மேற்பார்வை யார் என்று அதில் முறை எழுதியிருக்கும். டீக்கடை சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரியைக் கண்டால் எனக்குக் கால் முன்னே ஓடும், உடம்பு பின்னே நிற்கும். என் முறையன்று தூக்குவாளியில் பாதி டீதான் வந்து சேரும்.

"ரோடு குடிச்சுதா, நீ குடிச்சியாடா?" என்று கேட்பாள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, எங்கள் ஏழு பேரில் ஒருத்தி. ஸ்டிச்சிங்கில் அவளைப்போல நேராகத் தையல் ஓட்ட ஆள் கிடையாது, வாய் மட்டும் எங்கும் நேராகப் போகாது. மீதியிருக்கும் டீயை ஏழு கிளாஸில் சமமாக ஊற்றுவாள். ஆளுக்கு இரண்டு வாய். அந்த இரண்டு வாய் டீயை இப்போது நினைத்தாலும் நாக்கு தேடுகிறது.

ஏழாவது மாதம், ஆர்டர் இல்லாமல் ஷெட் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு பையர் வந்தார், மொத்தமாகச் சரக்கு எடுக்கிறவர். பள்ளிக்கூட ஷூ. எடுத்தால் ஒரு வருடத்துக்கு வேலை. சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வளைத்தார், முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"ஓனர் யாரு?"

நாங்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி வாசலைப் பார்த்தோம். பழக்கம். இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் வாசல் வழியாகத்தானே வந்திருக்கிறது!

தோழர் தொண்டையைச் செருமினார். விளக்கவுரை வரப்போகிறது என்று தெரிந்தது. எனக்குப் பயம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும், வாய் ஓவர்டைம் பார்க்கும்.

"ஓனர் பாகாயம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு சார். வயித்து வலி." எங்கள் பக்கம் பாகாயம் என்றால் மனநல ஆஸ்பத்திரி; நல்லவேளை, சென்னைக்காரருக்கு அது தெரியவில்லை.

"சரி, வியாழக்கிழமை வர்றேன். அவரோட பேசினாத்தான் ஆர்டர்."

அவர் கார் போனதும் கூட்டம் போட்டோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் தோழர். சொன்னால் ஆர்டர் போய்விடும் என்றார்கள் மற்றவர்கள். விதிப்படி கை தூக்கினோம். முதலாளி வேண்டும் என்று ஐந்து கை. அந்தப் பதவிக்கு யார்? என்னைத்தான் சொன்னார்கள். தகுதி: தொப்பை. தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு ஜனநாயக முறைப்படி ஒரு முதலாளியைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஷெட்டில்தான் முதல்தடவையாக இருக்கும்.

கை தூக்காத இரண்டு பேரில் ஒருவர் தோழர். இன்னொருத்தி அக்கா.

"இவன் உக்காந்தா எழுந்துக்க மாட்டான். பாத்துக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்.

வேலூர் லாங் பஜாரிலிருந்து ஒரு சுழல் நாற்காலி வாடகைக்கு வந்தது. டூவீலரில் பின்னால் உட்கார்ந்து அதைத் தலைகீழாகத் தலைமேல் பிடித்துக்கொண்டு வந்தேன். கரும்பலகையைத் தோழர் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார். வியாழக்கிழமை, தேய்த்த முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்தேன். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டி, முதுகு நாற்காலியோடு ஒட்டிவிட்டது. பையர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. வந்த குரல் என்னுடையது இல்லை. பழைய கம்பெனி சூப்ரவைசருடையது.

"இன்னாம்மா, டார்கெட் முடிஞ்சுதா? பேச்சு ஜாஸ்தி, வேலை கம்மி!"

அக்காவைப் பார்த்துத்தான். அவள் அதுவரை யாரோடும் பேசிக்கொண்டிருக்கவே இல்லை. ஊசியிலிருந்து கண் எடுத்து, மெதுவாக எழுந்து நின்றாள்.

"முடிச்சிட்றேன் சார்."

பையர் தலையாட்டினார். ஆர்டர் கிடைத்துவிட்டது. அவர் போன பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். தோழர்கூட என் குரலில் பேசிக் காட்டினார். அக்கா மட்டும் உட்கார்ந்து, விட்ட தையலைத் தொடர்ந்தாள்.

நாற்காலியைச் சனிக்கிழமை திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். "பையர் மறுபடி வந்துட்டா?" என்றேன். அவர் வரவில்லை, போன் வந்தது. தினமும் வந்தது. ஆர்டர் என் பெயரில், போன் என் பாக்கெட்டில், படபடப்பு என் நெஞ்சில். அதை நானே வைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு நெஞ்சு போதாது. அவர் என்னை ஒருமுறை அவசரப்படுத்தினால் நான் ஷெட்டை இரண்டுமுறை அவசரப்படுத்தினேன். மேஜைக்கு டீ வர ஆரம்பித்தது, முழு கிளாஸ். முதல்நாள் "முதலாளிக்கு டீ" என்று வேடிக்கையாக வைத்தார்கள். பத்தாம் நாள் ஒன்றும் சொல்லாமல் வைத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நினைவு வந்தது: இன்று என் முறை. தூக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பலகை இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து அதைத் திருப்ப ஐந்தடி நடந்தால் போதும். போன் அடித்தது. எடுத்தேன்.

ஆர்டர் முடிந்த வாரம் அக்கா வரவில்லை. வேறொரு கம்பெனி வேனில் ஏறிவிட்டாள் என்றார்கள். மறுநாள் வேன் வரும் நேரத்துக்குத் தெருமுனைக்கு ஓடினேன்.

"ஏன்க்கா போற? ஷெட்டு நம்மளுது இல்ல?"

"அங்கயாவது முதலாளி நெஜம். திட்டுனா வலிக்காது."

அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். தையலுக்கு ஆள் இல்லாமல் இரண்டாவது ஆர்டர் பாதியில் நின்றது. ஷெட்டைப் பூட்டிய அன்று தோழர் பலகையைத் திருப்பினார். அந்த வியாழக்கிழமையின் முறை அப்படியே இருந்தது, என் கோழிக்கிறுக்கலில். அழிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனார். நாற்காலியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இத்தனை நாள் வாடகைக்கு நாலு நாற்காலி வாங்கியிருக்கலாம் என்றார் கடைக்காரர்.

இப்போது நானும் அக்கா போன அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன். கட்டிங் ஒரு கட்டடம், ஸ்டிச்சிங் வேறு கட்டடம். சம்பளம் ஒழுங்காக வருகிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் பதினோரு மணிக்கு மிஷினில் டீ கொட்டும்போது, யார் வாங்கி வந்தது என்று கேட்க ஆள் இல்லை. யாரும் ரோட்டைக் கடப்பதில்லை.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வேனுக்காக நிற்கும்போது எதிர்ப்பக்கம் அக்கா நின்றிருந்தாள். அவள் வேன் வருவதற்குள் இரண்டு டீ வாங்கிவிட வேண்டும் என்று ஓடினேன். காகிதக் கப்புகள் இரண்டு கையிலும். நடுரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வழக்கம்போல உடம்பு நின்றது, கால் ஓடியது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது ஒரு கப் காலி, இன்னொன்றில் பாதி.

அக்கா கப்பைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். உதடு லேசாகக் கோணியது. கேட்டுவிடுவாள், ரோடு குடிச்சுதா என்று கேட்டுவிடுவாள் என்று கப்பை நீட்டியபடி நின்றேன்.

பாதி டீயை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டினாள்.

வேன் வந்துவிட்டது.