ஓடுவதற்கு மட்டும் ஒரு கார்

என் கணவர் ரதீசனின் காலில் பிறக்கும்போதே யாரோ சக்கரம் கட்டிவிட்டார்கள். எங்கள் கலியாணத்தில் தாலி கட்டிய கையோடு எழும்பி, மண்டபத்து வாசலில் வான் ஒழுங்காக நிறுத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போனவர் அவர். லண்டனில் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினார். மற்றவர்களுக்கு அது வேலை, இவருக்கு மருந்து. லீவு நாளில் முகம் சுண்டிப்போகும். எங்கள் வீட்டில் நல்லதொரு சோபா இருக்கிறது. அதில் இவர் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்ததை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்ட மனிசனுக்குத்தான் அந்த நோய் வந்தது. முதல்தரம் பஸ் டிப்போவின் கன்ரீனில் விழுந்தார். இரண்டு கிழமை கழித்து எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு முன்னால். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இங்கிலிஷில் ஒரு பெயர் சொன்னார்கள். வீட்டில் அதைத் தமிழில் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டது நான். வலிப்பு என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு மகள் கம்சிகாவுக்கு ஒரு இடம் பேசி வரும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆகவே சனத்துக்கு "பிறஷர்" என்று சொல்லி வைத்தேன். பிறஷர் இல்லாத வீடு ஏது? ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

கம்சிகாவுக்கு இருபத்துநாலு வயது. ரயில் சிக்னல்களுக்கு வயர் பூட்டும் வேலை. வாய் என்னைப்போல.

"அம்மா, எனக்கு ஒரு போய்பிரண்டே இல்லை. இல்லாத மாப்பிள்ளைக்கு இப்பவே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள்" என்றாள்.

டொக்டர் ஒளித்து மறைத்துப் பேசவில்லை. பஸ்ஸை மறந்துவிடுங்கள் என்றார். காருக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. மருந்தை ஒழுங்காகப் போட்டு, ஒரு முழு வருஷம் வலிப்பே வராமல் இருந்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். இடையில் ஒருதரம் வந்தாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. என் மனிசன் அந்த ஒரு வருஷத்தைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஜூன் பதினாலோடு வருஷம் முடியும்.

ஆனால் அதுவரைக்கும் இருக்க வேண்டுமே! காலையில் நடக்கப் போவார், வருவார், திரும்பப் போவார். ட்ராமில் ஏறி விம்பிள்டன் வரை போய், இறங்காமலே திரும்பி வருவார். பஸ்ஸில் மேல்தட்டு முன் சீற்றில் இருந்துகொண்டு, ஓட்டுபவன் பிறேக் போடுமுன் இவர் காலை ஊன்றுவார். வீட்டில் இருந்தால் இன்னும் மோசம். அலுமாரிக் கதவுகளைக் கழற்றிப் பூட்டுவார், பூட்டியதைக் கழற்றுவார். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.

"என்னப்பா, உருப்படியாய் ஏதாவது ஒரு வேலையைத்தான் பாருங்கோவன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அடுத்த சனிக்கிழமை என் தம்பி கிருஷாந்தின் லொறியில் ஒரு துருப்பிடித்த கார்க்கூடு எங்கள் வீட்டுக் கராஜில் வந்து இறங்கியது. எழுபது வருஷத்துக்கு முந்திய ஃபோர்ட் பொப்யூலர். என் தம்பிக்குத் தோர்ண்டன் ஹீத்தில் கார் திருத்தும் கராஜ் இருக்கிறது. இதை ஹொட் ரொட் ஆக்கப் போகிறார்களாம். கூரையை வெட்டித் தாழ்த்தி, பின்னால் தடித்த ரயரும் முன்னால் மெல்லிய ரயரும் போட்டு, எட்டு சிலிண்டர் எஞ்சினை மூடியே இல்லாமல் வெளியே தெரிய வைக்க வேண்டுமாம்.

"நாலு பேர் இருக்க ஏலாது. ஒரு மூட்டை அரிசி வைக்க ஏலாது. இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"ஓடுறதுக்கு" என்றார் ரதீசன்.

பொய் சொல்லக்கூடாது, அந்த மாதங்களில் வீடு நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷாந் வந்து வெல்டிங் வேலை பார்ப்பான். பொறி பறக்கிற வேலைக்குக் கணவரைக் கிட்ட விடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வயர் முழுவதும் கம்சிகாவின் பொறுப்பு. சீற்றுக்கு உறை தைத்தது நான். சட்டை தைக்கிற மெஷினில் தோலைத் தைத்தால் என்ன ஆகும்? ஆறு ஊசி முறிந்தது. ஏழாவது ஊசியில் சிவப்புச் சீற் பிறந்தது. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி, அந்தக் கார் சண்டைக்கு நிற்கும் சேவல் மாதிரி எங்கள் கராஜில் நின்றது.

கிழமை நாட்களில் ரதீசன் தனியாக வேலை செய்வார். நட்டு முறுக்கும் சாவியும் திருப்புளியும் மட்டும். குளிர் வருகிறது என்று கதவை உள்ளே பூட்டிக்கொள்வார். முடிந்ததையும் முடிக்க விடமாட்டார். ஸ்டியரிங்கை மூன்றுதரம் கழற்றிப் பூட்டினார். "அத்தான், அது சரியாய்த்தானே இருக்கு" என்று என் தம்பி தலையில் கைவைத்தான். ஜூனுக்கு முன் கார் முடிந்துவிட்டால் மிச்ச நாளை என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. அது எனக்கு விளங்கியது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தேத்தண்ணி கொண்டு போனேன். அன்றைக்குக் கதவு பூட்டியிருக்கவில்லை. ரதீசன் காரோடு சாய்ந்து நின்றார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் எதையோ சப்பிக்கொண்டிருந்தது. ஒரு கை சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிக் கொண்டிருந்தது. மற்றக் கையிலிருந்த நட்டுச் சாவி நழுவிக் காலில் விழுந்தது. அவர் அசையவில்லை. விழாமல், இழுக்காமல், நின்றபடியே வருகிற வலிப்பும் இருக்கிறது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் நான் கோப்பையோடு நின்றேன்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணியோ? தாரும்."

"காலைப் பாருங்கோ" என்றேன். செருப்புக்குள் பெருவிரல் இரத்தமாக இருந்தது.

அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது.

"யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

"பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டாதேங்கோ."

"இஞ்சேரும், இன்னும் அஞ்சு கிழமை" என்று என் கையைப் பிடித்தார். "அஞ்சே அஞ்சு கிழமை. ஒரு வருஷத்தை என்னட்டை இருந்து பறிச்சுப் போடாதையும். நீர் ஒண்டும் காணேல்லை. சரியோ?"

நான் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆட்டினேன். அவர் அப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு சக்கரம் என் காலுக்கு வந்தது. உப்புப் போட்ட கறிக்குத் திரும்ப உப்புப் போட்டேன். வேலைக்குப் போன பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டேன். சொல்லாவிட்டால் அவர் ரோட்டில் ஏறுவார். சொன்னால் அவர் இருக்கமாட்டார், இருந்தாலும் மனிசனாக இருக்கமாட்டார். பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி ஏறி வெஸ்ட் ஈலிங் துர்க்கை அம்மனிடம் போய்க் கேட்டேன். அம்மன் வாயைத் திறக்கவில்லை. அர்ச்சனைத் தட்டோடு திரும்பி வந்தேன்.

ஜூன் தொடக்கத்தில் எஞ்சினை முதல்முதலாக ஸ்டார்ட் பண்ணினார்கள். தெருவே வெளியே வந்துவிட்டது. சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரதீசனின் முகம் இருபத்தைந்து வயதுக்குப் போய்விட்டது. கிருஷாந் விசிலடித்தான். கம்சிகா சிவப்புச் சீற்றில் ஏறி இருந்து கையைத் தட்டினாள்.

"அப்பா, லைசென்ஸ் வந்தவுடனை முதல் ரைட் நானும் நீங்களும். பிறைற்றன் வரைக்கும் போறம்!"

"ஓம் குஞ்சு, போவம்" என்றார் ரதீசன்.

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதற்கு நாலாம் நாள் டொக்டரிடமிருந்து போன் வந்தது. லைசென்ஸுக்கு எழுதுவதற்கு முன் நடக்கிற கடைசிப் பேச்சு. குசினி மேசையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூவரும் இருந்தோம். மருந்து, நித்திரை, தலையிடி எல்லாம் கேட்டார். கடைசியாக, வலிப்பு ஏதும் வந்ததா என்றார். "நோ, டொக்டர். நத்திங்" என்றார் ரதீசன். குரலில் ஒரு தளம்பலும் இல்லை.

"உங்கள் மனைவி பக்கத்தில் இருக்கிறாவா? அவ ஏதாவது கவனித்தாவா?" என்று டொக்டர் இங்கிலிஷில் கேட்டார். வலிப்பு வந்தது வந்தவருக்கே தெரியாமல் போகலாமாம்.

ரதீசன் என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. கம்சிகா சும்மா தன் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைதான் பக்கத்து சீற்றில் இருக்கப்போகிறவள். எனக்கு இங்கிலிஷ் தெரியும், முப்பது வருஷமாகப் பேசுகிறேன். அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை.

"வலிப்பு வந்தது" என்றேன். "போன மாசம். நான் கண்டனான்."

"சொரி?" என்றது போன்.

கம்சிகா நிமிர்ந்தாள். தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இங்கிலிஷில் அதைச் சொன்னாள். டொக்டர், வருஷத்தைப் புதிதாக எண்ண வேண்டும், மருந்தைப் பற்றி யோசித்து நாளைக்குத் திரும்பப் போன் பண்ணுகிறேன் என்றார். ரதீசன் எழும்பிக் கராஜுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை நான் கதவை உதைத்தேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது, உதைக்கத் தெரியும்.

திறந்தார். கழற்றவில்லை, பூட்டவில்லை. வெறுங்கையோடு அந்தச் சிவப்புச் சீற்றில் இருந்திருக்கிறார்.

"என்னை ஏசவேணுமெண்டால் ஏசுங்கோ. நான் கண்டதைத்தான் சொன்னனான்" என்றேன்.

"நீர் கண்டது ஒண்டுதான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மாசியிலை ஒண்டு. சித்திரையிலை ரெண்டு. கதவு பூட்டியிருந்தது. எழும்பிப் பார்க்கேக்கை நிலத்திலை கிடந்தன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் உச்சியில் ஏறியது. அழுகையும் சேர்ந்து வந்தது. "எல்லாம் தெரிஞ்சுகொண்டு, பிள்ளையைப் பக்கத்திலை ஏத்திக்கொண்டு பிறைற்றன் போயிருப்பீங்களோ?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் அந்த நேரம் ஒரு பொய்யை வேண்டி நின்றேன்.

"ஓம்" என்றார். "போயிருப்பன்."

அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அந்த மனிசன் அழுது நான் கண்டது அதுதான் முதல்தரம். நான் கிட்டப் போகவில்லை. போயிருந்தால் அடித்திருப்பேன். வீட்டுக்குள் போன் அடித்தது. கம்சிகா அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "டொக்டர், அம்மா" என்று என்னிடம் நீட்டினாள்.

ரதீசன் காரிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினார்.

"என்னட்டைத் தா" என்றார் மகளிடம். "கொம்மாவுக்கு ஒண்டுதான் தெரியும். நாலையும் நான் சொல்லுறன்."