பிரேக் பெடலின் உயரம்

"வண்டிக்குத் தகுந்த மாதிரி காலுதான் பழகணும் பாப்பா. காலுக்குத் தகுந்த மாதிரி வண்டிய மாத்துறதா? படிச்சவங்க இப்பிடித்தான் ஏதாச்சும் சொல்லுவீங்க."

எங்கள் லாரியைப் பல வருடங்களாகப் பழுது பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இதைச் சொல்லிவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அவருடைய பட்டறை. அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மூக்கு நீண்ட பழைய லாரி. இந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது என்பதால் ஊரில் கல்யாணத்துக்கு வரும் பையன்கள்கூட அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்பா அதில் பொம்மிடிப் பக்கத்துத் தோட்டங்காடுகளிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டுபோவார். அந்த வண்டியில் பிரேக் பெடல் ஆக்சிலேட்டரைவிட நான்கு விரல்கடை உயரத்தில் நிற்கும். இப்போதைய வண்டிகளில் குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே பாதத்தை இதிலிருந்து அதற்கு நகர்த்திவிடலாம். இதில் ஒவ்வொரு தடவையும் முழங்காலை மடக்கி முழுக் காலையும் தூக்க வேண்டும். அப்பா இருபத்தைந்து வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின வாரம் பொம்மிடிக்குப் போகும் வழியில் ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்திருக்கிறது. முழங்கால் வலியில் கால் சமயத்துக்கு மேலே எழவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்திவிட்டார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் வைத்தார்.

"வண்டிய வித்துடலாம் கண்ணு. ஆளுக்குச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம பாக்க வராங்க."

ஆடுகளுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வந்திருந்தால் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. வண்டி இல்லாத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டு அவரைப் பட்டறைக்கு இழுத்துவந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை. அளவில் ஒரு முடி கனம் கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

நான் நகராமல் நிற்பதைப் பார்த்து மெக்கானிக் அண்ணன் இறங்கிவந்தார். "செரி, பிரேக் பெடல் தண்ட சூடு பண்ணி வளைச்சுத் தாழ்த்திடறேன். சின்ன வேல."

"வேணாங்கண்ணா. தாழ்த்தினா பிரேக்கு முழுசா புடிக்கறதுக்குள்ள பெடல் தரையில இடிச்சுக்கும். அமுக்க எடம் இருக்காது."

அவர் கேபினுக்குள் குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். வெளியே வந்து, "அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்றார்.

"பிரேக்க தொடவே வேணாம். ஆக்சிலேட்டர ஒசத்துவோம்."

கேபினுக்குள் நின்று அளக்க இடம் போதவில்லை. பட்டறைத் தரையில் சாக்பீஸால் பெடல்கள் இருக்கும் இடத்தை வரைந்து, சீட்டின் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் அப்பாவை உட்காரவைத்தேன். குதிகால் எங்கே, விரல் எங்கே, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, எல்லாம் குறித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் ஆக்சிலேட்டர் தட்டின்மேல் ஒரு மரக்கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கினோம். பிரேக் அதைவிட ஒரு விரல்கடை உயரமாக இருக்கும்படி விட்டேன். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒரே மிதியில் இரண்டும் அமுங்கிவிடும்.

சனிக்கிழமை காலை அப்பா வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

"பிரேக்குக்கு காலு லேசா போவுது கண்ணு. ஆனா கெண்டக்காலு இழுக்குது. வெரலெல்லாம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது."

"நான் நேத்தே சொன்னனா இல்லியா?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

நோட்டைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். ஒரு அளவும் தப்பில்லை. மறுநாள் வண்டியை வாங்கும் ஆள் வந்துவிடுவார். என்ன செய்வது என்று தெரியாமல் நிமிர்ந்தபோது அப்பா கேபினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்று, காலால் துழாவி, படியோரம் கழற்றி வைத்திருந்த டயர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

எங்கள் வண்டிக்குள் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. கண்ணாடிக்கு மேலே சாமி படம் இருக்கிறது. அப்பா சாப்பிடுவதும் படுப்பதும் அங்கேதான். நானும் நடக்கப் பழகிய நாளிலிருந்து வெறுங்காலோடு ஏறியவள்தான். ஆனால் பாலிடெக்னிக் பட்டறையிலும் கம்பெனியிலும் ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முந்தின நாள் பட்டறைத் தரை முழுக்க இரும்புத் துகள் கிடந்ததால், "செருப்ப கழட்டாதீங்கப்பா" என்று நானே சொல்லியிருந்தேன். டயர் செருப்பு போட்ட காலை அளந்து, வெறுங்காலுக்குக் கட்டை செய்திருந்தேன்.

ஓடிப்போய் செருப்பை அளந்தேன். இரட்டை டயர் வைத்துத் தைத்த குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட முக்கால் அங்குலம் கூடுதல் கனம். வெறுங்காலில் குதிகால் அவ்வளவு கீழே போனதால்தான் விரல்கள் மேலே பார்த்தன.

"இதுக்குப் போயி ஏம்மா மெனக்கெடற? செருப்பப் போட்டுக்கிட்டே ஓட்டச் சொல்லு" என்றார் அண்ணன்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வூட்டு சாமி ரூமுக்குள்ள நீ போட்டுக்கிட்டுப் போவியா?"

முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு பலகையை அறுத்து, மேலே வழுக்காமல் இருக்கப் பழைய டயர் ரப்பரை ஒட்டி, குதிகால் ஊன்றும் இடத்தில் வைத்தோம். ஆணி போதும் என்றார் அண்ணன். "ஆணி கழண்டு பலக நகந்து பெடலுக்கு அடியில போயிட்டா?" என்று கேட்டேன். அண்ணன் அவரே துளை போட்டு, நாலு போல்ட் முடுக்கி, கையால் ஆட்டிப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு பிரேக் கடைசிவரை போகிறதா, ஆக்சிலேட்டர் விட்டதும் தானாக மேலே வருகிறதா என்று இருவரும் மாறி மாறிச் சோதித்தோம்.

மத்தியானச் சோறு கொண்டுவந்த அம்மா கேபினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, நீங்க கழட்டிட்டு ஏறுறீங்கன்னு உங்க மவ வண்டிக்கே செருப்பு மாட்டி வுட்டுட்டா."

சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அப்பாவும் பொம்மிடிக்குப் போய்ப் பாதிப் பாரம் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தோம். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வேகத்தடையில் அது எழவில்லை. பாதம் மட்டும் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு நகர்ந்தது. வண்டி அடங்கி நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்த ஆளுக்கு போனப் போட்டு நாளைக்கு வர வேணான்னு சொல்லு" என்றார் அப்பா.

"நீங்களே சொல்லுங்க."

"எனக்குச் சிரிப்பு வந்துரும் கண்ணு. நீ சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் திட்டியதுகூட எனக்கு இனிமையாகத்தான் இருந்தது.

பலகை வைத்தால் முழங்கால் குணமாகாது என்பது எனக்குத் தெரியும். அன்று வீடு திரும்பியதும் ஏன் டாக்டரிடம் போகவே இல்லை என்று கேட்டேன்.

"போனா வண்டிய வுடச் சொல்லுவாரு. அதக் கேக்கறதுக்கு நான் எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?"

"இப்ப?"

"இப்பதான் கால தூக்கறதே இல்லியே. டாக்டருகிட்ட எடுத்துச் சொல்லலாமில்ல?"

அவர் மனம் மாறுவதற்குள் தர்மபுரியில் எலும்பு டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு அவர் பெயரைப் பதிந்துவிட்டேன். கம்பெனியில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.