இடதுகால் லாடம்

இதில் சோடனை ஒன்றும் இல்லை. திகதி இருக்கிறது: 2009 ஓகஸ்ட் 22, சனிக்கிழமை. நேரம் இருக்கிறது: பின்னேரம் நாலு மணி பதினெட்டு நிமிடம். கண்ட ஆட்கள் எண்பது பேருக்குக் குறையாது. இரவுமில்லை, இருட்டுமில்லை. மண்டபத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன, பலகைத் தரை முழுக்க வெயில். நடுச்சாமத்தில் வந்தால்தான் பேய் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தோடு வாசிப்பை விட்டுவிடலாம்.

நடந்தது சாஷாவுக்கு. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம் ஒன்றில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். தகப்பன் எறோல் இரும்புப் பட்டறைக்காரர். தாயில்லாத அவளைத் தூக்கி வளர்த்தவர் எறோலின் அக்கா, கிளாறிஸ் ஆன்ட்டி. கம்பஸில் படித்த காலத்தில், காணாமல் போனவர்களுக்காகக் கூடிய கூட்டங்களில் முன்வரிசையில் நின்று “உண்மையைச் சொல்லு!” என்று தொண்டை கிழியக் கத்தியவள் சாஷா. அதே வாய் நாலு வருசமும் எட்டு மாதமும் ஒரு பொய்யைக் காத்து வைத்திருந்தது. அதுவும் கிளாறிஸ் ஆன்ட்டியிடம்.

முதலில் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். பறங்கியர் கலியாணத்தில் கஃப்றிஞ்ஞா ஆடுவார்கள். நாலு சோடி, எட்டுப் பேர். பக்கத்தில் வயலினும் மண்டலினும் றபான் மேளமும் வாசிக்க, சப்பாத்தின் குதியில் அடித்த இரும்பு லாடத்தால் பலகையில் தாளம் போட்டு ஆட வேண்டும். நடுவில் ஒரு கட்டம் வரும். சோடிகள் முதுகுக்கு முதுகு நிற்பார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் நிற்பவரின் லாடத்தைக் காதால் கேட்டு, காலால் பதில் சொல்ல வேண்டும்.

கிளாறிஸ் ஆன்ட்டி வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. சோடியில் ஒருவர் தூரம் போயிருந்தால் அவருடைய இடத்தில் வேறு ஆள் ஏறக்கூடாது. வெறும் இடமாகவே விட்டு ஆடுவார்கள். திரும்பி வரப்போகிறவர் அல்லவா! ஆனால் செத்தவரின் இடத்தை ஒருதரம்கூட வெறுமையாக விடக்கூடாது. உடனே வேறு ஆளை நிறுத்திவிட வேண்டும். ஏனென்று கேட்டால் யாரும் விளக்கம் சொல்வதில்லை. “விடப்படாது” என்பார்கள். அவ்வளவுதான்.

2004 நத்தார் இரவு, டிசம்பர் 25. சாஷாவுக்குப் பதினெட்டு, கிளாறிஸ் ஆன்ட்டியின் மகள் ஹெதருக்குப் பத்தொன்பது. ஆண்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். அதனால் இந்த இருவரும்தான் நாலாவது சோடி. ஹெதர் ஆடினால் அவளுடைய தகப்பன் நெவிலின் வயலின் அவள் காலுக்குப் பின்னாலேயே ஓடும். எறோலுக்கு அன்று கொஞ்சம் ஏறியிருந்தது.

“சாஷா ஆடுறது கோழி கிண்டுற மாதிரி! ஹெதரப் பாருங்கோ, அவளுக்கெல்லோ கால்!”

எல்லாரும் சிரித்தார்கள். சாஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கேக் வெட்டும் நேரம் ஹெதர் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தாள். கழன்ற லாடம் அடிக்கவென்று அப்பா கொண்டுவந்திருந்த இரும்புக் குறட்டை சாஷா எடுத்தாள். இடதுகால் லாடத்தைப் பிடுங்கினாள். லொறி வில்லுத் தகட்டில் எறோல் வெட்டிய கனத்த லாடம். மூன்று துளை, அதில் நடுத்துளை கோணல். மறுபடி ஆடியபோது ஹெதரின் வலதுகால் ‘டக்’ என்றது. இடதுகால் ‘டப்’ என்றது. டக்… டப். டக்… டப். நொண்டி மாடு நடப்பதுபோல. மண்டபமே சிரித்தது. ஹெதரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாஷாவை ஒருதரம் பார்த்தாள்.

அடுத்த நாள் ஞாயிறு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே, டச்பாரில் சாஷாவின் வீடு. எறோல் பூசைக்குப் போய்விட்டார். எட்டு முப்பத்தைந்துக்கு வாசல்படியில் குதியால் தட்டும் சத்தம் கேட்டது. டக்… டக்… டப்.

“சாஷா, லாடத்தத் தாகா. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

சாஷா போர்வைக்குள் கிடந்தாள். லாடம் கைக்குள் இருந்தது. மூச்சுக் காட்டவில்லை.

“நீ முழிச்சித்தான் கிடக்காய் எண்டு தெரியும். கிணத்தடியில இரிக்கன். எழும்பி வா.”

கிணற்றடிச் சீமெந்தில் அவள் குதியால் தட்டிக்கொண்டே இருந்தாள். பொறுமையாக. இருபது நிமிடம். எட்டு ஐம்பத்தைந்துக்குத் தட்டுவது நின்றது. பிறகு கேட்டது வேறு சத்தம், கடலின் சத்தம்… அதைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பின்னேரம் சாஷாவை ஒரு பூவரச மரத்திலிருந்து இறக்கினார்கள். கைவிரல்களைப் பிரிக்க முடியவில்லை. உள்ளே லாடம்.

அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில், மாலை ஆறு நாற்பதுக்கு, கிளாறிஸ் ஆன்ட்டி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டார்: “சேர்ச்சுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டவள். உங்கட பக்கம் வந்தாளா கிளி?”

வந்தாள் என்றால் ஏன் வந்தாள் என்று கேட்பார்கள். கதவை ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள்.

“இல்ல ஆன்ட்டி. வரல்ல.”

அந்த ஒரு சொல்லால் ஹெதரை டச்பாரில் யாரும் தேடவில்லை. சேர்ச் றோட்டில் தேடினார்கள். கல்லடிப் பாலத்தடியில் தேடினார்கள். வாகரையில் அவளைப்போல ஒருத்தியைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். கிளாறிஸ் ஆன்ட்டி படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சோதனைச் சாவடி சாவடியாக இறங்கி ஏறி வாகரைக்குப் போனார். சண்டை தொடங்கி வாகரைச் சனம் கிரான் பக்கம் ஓடி வந்தபோது கூடாரம் கூடாரமாகக் குனிந்து பார்த்தார். காணாமல் போனவர்களைத் தேடும் கந்தோர்களுக்கெல்லாம் கடிதம் போனது. எழுதியது யார்? படித்த பிள்ளை சாஷாதான். ‘கடைசியாகக் கண்ட இடம்: தெரியாது.’ பதினொரு கடிதம். பதினொன்றிலும் அவளுடைய முத்துமுத்தான கையெழுத்து.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. ஓகஸ்டில் ஹெதரின் தம்பி நைஜலுக்குக் கலியாணம். நாலரை வருசம் தொடாத வயலினை நெவில் எடுத்தார். நாலாவது சோடி என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

சாஷா கேட்டாள்: “ஆன்ட்டி… ஹெதரிட இடத்துக்கு வேற ஆள நிப்பாட்டுவமா?”

“என்ட புள்ள செத்தா போயிட்டாள்?” கிளாறிஸ் ஆன்ட்டியின் குரல் உயர்ந்தது. “சண்ட முடிஞ்சிட்டு. இனி எல்லா முகாமையும் துறப்பாங்க. அவள் வருவாள். விடு அந்த இடத்த.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கலியாணத்தன்று காலை ஏழேகாலுக்குச் சாஷா, லாடத்தை ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தாள். பழைய துணிக்குள் லாடம் இருந்தது. கனமாக, தேயாமல், கோணல் துளையோடு. டின்னை மூடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டாள்.

கம்பஸ் சிநேகிதி நஸீறா காத்தான்குடியிலிருந்து வந்திருந்தாள். மேடை ஓரத்தில் இருந்து போனில் படம் பிடித்தாள். “என்னகா, சாப்பாடு போடுறதுக்கு முன்ன பலகையெல்லாம் உடைச்சிப் போடுவீங்க போலிரிக்கே!”

நாலு பதினெட்டு. வயலின் தொடங்கியது. ஏழு பேர் ஆடினார்கள். சாஷாவுக்கு எதிரே வெறும் பலகை. வெயில் விழுந்த பலகை. அவள் அதைப் பார்க்காமலே ஆடினாள்.

முதல் கட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது நஸீறா கிட்ட வந்தாள். “புள்ள, ஒரு ஆளுக்கு மட்டும் கால் பிசகுது. டப்பு டப்புண்டு கேக்குது. யாரு அது?”

“றபான் சத்தமா இரிக்கும்.”

“நான் என்ன, காத வாடகைக்கா எடுத்திரிக்கன்?”

சாஷா ஆடிய கால்களை எண்ணினாள். ஏழு சோடிச் சப்பாத்து. எல்லாவற்றையும் முதல் நாள் எறோலே புதிதாக அடித்துக் கொடுத்திருந்தார். ஒன்றிலும் லாடம் குறையவில்லை.

நாலு இருபத்துநாலு. முதுகுக்கு முதுகு நிற்கும் கட்டம். மூன்று சோடிகளும் முதுகு காட்டிக் கிறுகி நின்றன. சாஷாவும் கிறுகினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

அவள் தட்டினாள். டக், டக்.

பதில் வந்தது.

டக்… டப்.

பலகை அதிர்ந்தது. அவளுடைய குதியில் அந்த அதிர்வு ஏறியது. ஒரு முழம் தூரத்தில் யாரோ நிற்கும் கனம்.

மண்டலின் பிந்தியது. றபான் நின்றது. நெவிலின் வயலின் மட்டும் நிற்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். வில் வேறு ஒரு காலுக்குப் பின்னால் ஓடியது. பழக்கப்பட்ட காலுக்குப் பின்னால்.

டக்… டப்.

டக்… டப்.

மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். எட்டாவது ஆள் விடவில்லை.

பிறகு தாளம் மாறியது. அது ஆட்டம் இல்லை. அன்று வாசல்படியில் தட்டிய தட்டு.

டக்… டக்… டப்.

கொஞ்சம் பொறுத்து, மறுபடி.

டக்… டக்… டப்.

நெவிலின் வில்லும் நின்றுவிட்டது. தட்டுவது நிற்கவில்லை. கோபமாக இல்லை. அவசரமாக இல்லை. கிணற்றடியில் இருந்ததைப்போலவே… பொறுமையாக…

சாஷா கிளாறிஸ் ஆன்ட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

டக்… டக்… டப்.

“ஆன்ட்டி…”

டக்… டக்…

“அவள் வந்தவள் ஆன்ட்டி! எங்கட வீட்ட வந்தவள்!”

தட்டுவது நின்றது.

“லாடத்தக் கழட்டினது நான். அதக் கேட்டுத்தான் வந்தவள். எட்டு முப்பத்தஞ்சுக்கு வந்து கூப்பிட்டவள். நான் கதவத் துறக்கல்ல. கிணத்தடியில இருந்தவள்… அங்கதான் இருந்தவள்…”

பின்னால் ஒரு சத்தம். கடைசிச் சத்தம்.

டக். டக்.

இரண்டு காலிலும் இரும்பு.

சாஷா திரும்பினாள். வெறும் பலகை. வெயில்.

கிளாறிஸ் ஆன்ட்டி அடிக்கவில்லை. அழவுமில்லை. மெதுவாக எழும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“அந்தக் கடிதமெல்லாம் நீதானேகா எழுதின.”

அவ்வளவுதான் கேட்டார்.

சாஷா இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு ஓடிவந்து, கழுத்துத் திறப்பால் அலுமாரியைத் திறந்தாள். டின் இருந்தது. துணி இருந்தது, மடித்தபடி. லாடம் இல்லை.

டச்பார் வீட்டைக் கடல் வழித்துக்கொண்டு போனபின் அந்தக் காணியில் யாரும் கட்டவில்லை. கிணறு மண்மூடிக் கிடந்தது. பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவித்து, செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். பதினொரு மணி இருபதுக்கு, ஒன்பதடி ஆழத்தில், ஹெதர் கிடைத்தாள். எலும்பும் சப்பாத்தும்.

அடையாளம் சொல்ல எறோலைக் கூப்பிட்டார்கள். அவர் வலதுகால் சப்பாத்தைத் தூக்கினார். லாடம் துருவேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. இடதுகால் சப்பாத்தைத் தூக்கினார். அதிலும் லாடம் இருந்தது. மூன்று துளை, நடுத்துளை கோணல். துரு ஒரு பொட்டும் இல்லை. வெயிலில் பளபளத்தது.

எறோல் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை காலை டின்னுக்குள் கனமாகக் கிடந்த இரும்பு அது. இப்போது கடதாசி மாதிரி மெலிந்திருந்தது.

“என்ன அப்பா?” என்றாள் சாஷா.

அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

“லொறி வில்லுத் தகடு இது. சும்மா கிடந்து தேயாது. இவ்வளவு தேயிறதெண்டா… ஒரு நாளும் விடாம, நாலஞ்சு வருசம் ஆடியிரிக்கோணும்.”